வண்டிக் கடிகாரம் தப்பா? கை வைக்கும் முன் கணக்குப் பாருங்கள்

பத்து லட்சம் கொடுத்து வாங்கிய காரில் மணி ஏழு நிமிடம் பிந்தி ஓடும். பஸ் ஸ்டாண்டில் பேரம் பேசி வாங்கிய கைக்கடிகாரம் அதைவிட ஒழுங்காக ஓடும். எரிச்சல் வரத்தான் செய்யும். உடனே செட்டிங்ஸைத் திறந்து மணியைச் சரிசெய்வோம், நாலு மாதத்தில் மறுபடி பழைய கதை.

எவ்வளவு தப்பு என்று பார்க்காமல் மணியை மாற்றிவிடுவதுதான் இதில் எல்லோரும் செய்கிற தவறு. மணி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். திருத்திவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். அதனால் முதலில் செல்போன் மணியும் வண்டி மணியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில நிமிடங்கள்தான் வித்தியாசம், அதுவும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்தது என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருப்பது விநாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவார்ட்ஸ் துண்டு. சாதாரண ரகமாக இருந்தால் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை முன்னே பின்னே இருக்கும். கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடி, வருஷத்துக்குப் பத்து நிமிடம் என்று ஏறிவிடும்.

கைக்கடிகாரத்திலும் இதே துண்டுதான் இருக்கிறது. அது 25 டிகிரி அருகில் சரியாக அதிரும்படி வெட்டப்படுவது. கையில் கட்டியிருக்கும்வரை உடம்புச் சூடு அதை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும். கண்ணாடி ஏற்றி மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. 65 டிகிரிச் சூட்டில் நாள் முழுக்கக் கிடந்தால் அந்தக் குவார்ட்ஸ் நாலைந்து விநாடி கூடுதலாகப் பிந்தும். குளிரிலும் அது பிந்தத்தான் செய்யும், முந்தாது. நம் ஊர் வண்டிகளின் மணி முந்துவதைவிடப் பிந்துவதே அதிகமாகக் கண்ணில் படுவதற்கு இது ஒரு காரணம். இதற்காக மீட்டரையே மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மாதம் ஒருமுறை, வண்டி நிற்கும்போது, ஒரு நிமிட வேலை.

பிந்துகிறதே என்று பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்கிற பழக்கமும் வேண்டாம். வைத்தவருக்குக் கணக்குத் தெரியும், வண்டியை வாங்கி ஓட்டும் மச்சானுக்குத் தெரியாது.

சாவியைத் திருப்பும்போதெல்லாம் 12:00 அல்லது 1:00 என்று புதிதாக ஆரம்பிக்கிறதா? அப்படியானால் கடிகாரத்துக்கு வரவேண்டிய நிரந்தரக் கரண்ட் வரவில்லை. வெளியில் ஸ்டீரியோ மாற்றிய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். ஸ்டீரியோவுக்குப் போகும் ஒயர்களில் வழக்கமாக மஞ்சள் நேராக பேட்டரியிலிருந்து வரும், சிவப்பு சாவி போட்டால்தான் உயிர் பெறும். மாட்டுகிறவர் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கி சாவி லைனில் கொடுத்துவிட்டால், வண்டியை அணைத்ததும் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். ரேடியோ ஸ்டேஷன்களும் கூடவே அழியும், அதுதான் அடையாளம். சில கார்களில் உள்விளக்குக்கும் கடிகாரத்துக்கும் ஒரே ஃப்யூஸ். மேலே விளக்கும் எரியவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். பேட்டரி மாற்றிய அன்று மட்டும் ஒரு தடவை மணி போனால் அது இயல்புதான், கவலை வேண்டாம்.

சரியாக 12 மணி நேரம் தள்ளியிருந்தால் ஏஎம், பிஎம் குழப்பம். 12 மணிக் கணக்கில் ஓடும் பைக் மீட்டரில் இது வெளியே தெரியாது. தேதியும் சேர்ந்து ஓடும் கருவியில், நட்ட நடு மதியத்தில் தேதி மாறும். 24 மணிக் கணக்குக்கு மாற்றி மணியைத் திருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் கதை வேறு. ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவு செய்கின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதை எங்காவது ஓரிடத்தில் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

“ராத்திரி பன்னெண்டரைக்கு வண்டி எங்கடா நகருது?”

“இல்லீங்கண்ணா, காலைல ஆறு மணிக்குத்தானுங்க எடுத்தேன்!”

டிரைவர் சொல்வதுதான் உண்மை. காலை 6:00 மணி பொது நேரத்தில் நள்ளிரவு 12:30. கருவியிலும் ஒரு தடவை, அறிக்கை தரும் சர்வரிலும் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் கூட்டிவிட்டால் அதே பயணம் பகல் 11:30 என்று வந்து நிற்கும். டீசல் கணக்குக்கும் படிக்காசுக்கும் ஆளைக் குடைவதற்கு முன், வண்டியைக் கண்ணெதிரே கிளப்பச் சொல்லி அறிக்கையில் என்ன மணி விழுகிறது என்று பாருங்கள்.

இலங்கையில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. ஜப்பானில் ஓடி இறக்குமதியான கார்களில் வரும் அந்த ஊர் நேவிகேஷன் திரை பலவற்றில் ஜப்பான் நேரத்திலேயே நிற்கும், மூன்றரை மணி நேரம் முன்னால். கையால் மாற்றினாலும் செயற்கைக்கோளைப் பார்த்ததும் பழையபடி ஜப்பானுக்கே போய்விடுகிற ரகமும் உண்டு. மெனுவில் நேர மண்டலம் இல்லையென்றால் அதோடு மல்லுக்கட்டுவது வீண். மீட்டர் பக்கம் தனியாக ஒரு மணி இருந்தால் அதைச் சரிசெய்துகொண்டு, திரையை மறந்துவிடலாம்.

நேவிகேஷன் கருவியின் மணி தப்பாகாது, அது செயற்கைக்கோளிலிருந்து வருகிறதே என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போய்விடும். அதனால் இடத்தைக் கண்டுபிடிக்கவே அந்தக் கருவிக்கு நேரம் நானோ விநாடிக் கணக்கில் தெரிந்தாக வேண்டும். தன் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதையும் சேர்த்துக் கணக்கிடத்தான் அதற்கு நாலாவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. இத்தனையும் தெரிந்த கருவி திரையில் தப்பாகக் காட்டுகிறது என்றால், குறை கடைசிப் படியில், அதாவது அந்த நேரத்தை நம் ஊர் தேதியாகவும் மணியாகவும் மாற்றும் மென்பொருளில் இருக்கிறது.

மணியோ தேதியோ கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் போயிருந்தால் அது நிச்சயம் இந்தப் படிதான். பழைய ஜிபிஎஸ் சமிக்ஞை வாரங்களை 0 முதல் 1023 வரை மட்டுமே எண்ணும், பிறகு மறுபடி பூஜ்யம். 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய அந்த எண்ணிக்கை 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் சுற்றி வந்தது, அடுத்தது 2038 நவம்பர். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவியே ஊகிக்க வேண்டும், அந்த ஊகம் இடையில் வேறு வருஷத்திலும் தவறலாம். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஹோண்டா, அதன் சொகுசுக் கார் பிராண்டான அக்யூரா இரண்டின் பழைய கார்கள் பலவற்றில் நேவிகேஷன் கடிகாரம் 2002-க்குப் போய் நின்றது. கையால் மாற்றினாலும் அடுத்த தடவை வண்டியைக் கிளப்பும்போது மறுபடி தப்பு. ஆகஸ்டில் தானாகச் சரியாகும் என்றது நிறுவனம். இந்த மாதிரித் தப்புக்கு பேட்டரியையோ ஆன்டெனாவையோ மாற்றிப் பணத்தை விடாதீர்கள். மென்பொருள் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் வழிகாட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு வேறு கடிகாரம்.

சரியாக 18 விநாடி முந்துகிறதா? உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது ஒரு கூடுதல் விநாடி, அதாவது லீப் விநாடி, சேர்ப்பார்கள். ஜிபிஎஸ் நேரத்தில் அதைச் சேர்ப்பதில்லை, 2017 முதல் அந்த வித்தியாசம் 18. திருத்தத் தகவல் முழுச் செய்தியோடு வந்து சேர 12.5 நிமிடம் வரை ஆகலாம். திறந்த வெளியில் கொஞ்ச நேரம் ஆன் செய்து வைத்தால் தானே சரியாகிவிடும்.

இவ்வளவு நேரம் சொன்னதில் பெரும்பாலும் எரிச்சலோடு போகிற விஷயங்கள்தான். ஓட்டும்போது சாலையைப் படம்பிடிக்க வண்டிக்குள் மாட்டும் டாஷ்கேம் அப்படியல்ல. விபத்து நடந்து, வீடியோவில் நேரம் 40 நிமிடம் தள்ளி இருந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். பதற்றத்தில் கேமராவின் மணியைத் திருத்துவதும், வீடியோவை எடிட் செய்து நேரத்தை மாற்றுவதும் செய்யவே கூடாதவை. கேமராவை ஓடவிட்டு, லென்ஸுக்கு முன்னால் செல்போனின் மணியைக் காட்டி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எவ்வளவு தப்பு என்பதற்கு அதுவே அத்தாட்சி. அப்புறம் மெமரி கார்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, புதுக் கார்டு போட்டு மணியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.