யானைக்கு மிளகாய் வேலி: என் அனுபவம்

சாம்பியாவில் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு கிராமத்தில்தான் எங்கள் ஊழியம். பூங்காவுக்கு வேலி கிடையாது. மழைக்காலம் முடியும் சமயத்தில் மக்காச்சோளக் கதிர் முற்றியதும் யானைகள் ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைத் தாண்டி வந்துவிடும். இங்கே சாப்பாடே மக்காச்சோள மாவில் கிண்டும் ந்ஷிமாதான், அதனால் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு ஒரே இரவில் போய்விடும். தகரம் தட்டினோம், தீ மூட்டினோம். கொஞ்ச நாளில் யானைக்கு அதுவும் பழகிவிட்டது.

கைகொடுத்தது மிளகாய். காய்ந்த மிளகாயை இடித்து (மூக்கில் துணி கட்டாமல் இடித்தால் அன்றைக்கு ஜெபக்கூட்டத்தில் தும்மல்தான்), பழைய இன்ஜின் ஆயிலில் குழைத்து, வயலைச் சுற்றிக் கட்டிய கயிற்றிலும் அதில் தொங்கவிட்ட கந்தல் துணிகளிலும் தடவினோம். ஆயில் இருப்பதால் சாதாரணத் தூறலுக்குக் காரம் கரையாது, ஆனால் பெருமழை அடித்தால் மறுபடி தடவித்தான் ஆகவேண்டும். காய்ந்த யானைச் சாணத்தில் மிளகாய்த்தூளைக் கலந்து, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்த ஓரத்தில் புகையவிட்டால் இன்னும் நல்லது, புகை வயல் முழுக்கப் பரவும்.

ஒரு பெண் யானை கயிறு வரை வந்து துதிக்கையை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, வெடுக்கென்று தலையை உதறிக்கொண்டு திரும்பியதை நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்.

அவை வழக்கமாக நடக்கும் தடத்தை மட்டும் அடைக்காதீர்கள். அறுவடை செய்த சோளத்தையும் படுக்கும் வீட்டுக்குள் வைக்க வேண்டாம், வாசனைக்குச் சுவரையே இடித்துவிடும்.