முற்றம் வைத்தும் அடங்காத ஹார்ன் சத்தம்

கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலையை ஒட்டிய வீடு. தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்காமல், எல்லா அறைகளையும் நடுமுற்றத்தைப் பார்த்துக் கட்டினோம். முன்சுவர் 9 அங்குலச் செங்கல். ஆனாலும் கூடத்தில் உட்கார்ந்தால் பஸ் ஹார்ன் காதருகே அலறியது.

முற்றம் வழியாகத்தான் வருகிறது என்று மேலே பாலிகார்பனேட் தகடு போட்டேன். வெக்கைதான் மிச்சம், மறுவாரமே கழற்றினேன். சுவரில் நுரைப்பஞ்சு ஒட்டினேன். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்காது.

ஒருநாள் இரவு மின்வெட்டு. மனைவி உள்ளே டார்ச்சைத் தரையில் வைத்திருந்தார். வாசலில் நின்ற எனக்குக் கதவின் அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. தரை ஒரே மட்டமாக இருக்கட்டும் என்று கீழ்நிலை (கதவு நிலையின் அடிக்கட்டை) இல்லாமல் மூன்று பக்க நிலைதான் வைத்திருந்தோம். அரை அங்குல இடைவெளி. (பாட்டி வீட்டில் அந்தக் கீழ்நிலையில் நான் இடறாத நாளில்லை.) ஏ.சி. குழாய்த் துளையிலும் ஒரு கீற்று. வெளிச்சம் கசியும் இடத்தில் சத்தமும் கசியும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சத்தத் தடுப்பு 20 டெசிபலை (டெசிபல் என்பது ஒலியை அளக்கும் அலகு) தாண்டாது.

கிரானைட் வாசற்படி பதித்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, துளையை அடைத்தேன். அப்பாடா! இப்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்பதில்லை. அழைப்புமணி வாங்க வேண்டியதாயிற்று.