மெட்டலர்ஜி படிக்கப் போகிறீர்களா?

தமிழ்நாட்டில் உலோகவியல் பொறியியல் இருக்கும் கல்லூரிகள் சில மட்டுமே. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கும் சேலம் அரசு பொறியியல் கல்லூரிக்கும் பொறியியல் கலந்தாய்வு வழியாகப் போகலாம். கட்-ஆஃப் 200-க்கு, அதில் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின், சென்னை ஐ.ஐ.டி.க்கு அட்வான்ஸ்டு எழுத வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் இங்கே வருபவர்கள் நிறைய. அதில் தவறில்லை. ஆனால் வேதியியல் பிடிக்காதவர்கள் யோசித்துச் சேருங்கள். வெப்ப இயக்கவியலில் அது விடாமல் துரத்தும்.

எந்த வெப்பநிலையில், எவ்வளவு கார்பனில் எஃகின் உள்ளமைப்பு எப்படி இருக்கும் என்று காட்டும் இரும்பு-கார்பன் வரைபடத்தைப் பார்க்காமல் வரையப் பழகுங்கள். 727 டிகிரி, 1147 டிகிரி, 4.3 சதவீதம் என்று எண்களை ஒப்பித்தால் போதாது. 0.4 சதவீதக் கார்பன் உள்ள எஃகை மெதுவாகக் குளிர்வித்தால் பெர்லைட் (இரும்பும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்த பகுதி) எவ்வளவு வரும்? வரைபடத்திலிருந்து ஒவ்வொரு பகுதியின் அளவைக் கணக்கிடும் நெம்புகோல் விதியைப் போட்டால் ஏறக்குறைய பாதி. நேர்காணலில் பலர் தடுமாறுவது இந்த மாதிரிக் கேள்வியில்தான்.

ஆய்வகத்தில் கையைப் பழக்குங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க உலோகத் துண்டை நல்ல மாதிரியாகத் தயாரிக்கத் தெரிந்தவருக்கு வேலையிடத்தில் தனி மதிப்பு. துண்டை வெட்டும்போது குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் உள்ளமைப்பே மாறிவிடும். பிறகு 220, 400, 600, 1000 என எமரித் தாள்கள். தாள் மாற்றும்போதெல்லாம் துண்டைக் கழுவி 90 டிகிரி திருப்பித் தேயுங்கள். முந்தைய கீறல் முழுதாக மறைந்தபின்தான் அடுத்த தாள். கழுவாமல் போனால் முரட்டுத் துகள் ஒன்று கூடவே வந்து கடைசிவரை கீறும். துணியில் அலுமினா கரைசலோடு கண்ணாடிபோல் பளபளக்கும்வரை மெருகேற்றுங்கள்.

அடுத்தது, மேற்பரப்பை லேசாக அரித்து உள்ளமைப்பைத் தெரியவைக்கும் நைட்டால் கரைசல்: 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தை மெதுவாக ஊற்றுங்கள். அமில அளவைக் கூட்டி மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். துண்டை அதில் சில விநாடிகள் முக்கினால் போதும். பளபளப்பு மங்கியதும் எடுத்து நீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவிச் சூடான காற்றில் உலர்த்துங்கள். உலராத நீர்த்திட்டு மைக்ரோஸ்கோப்பில் குறைபாடுபோலத் தெரிந்து ஏமாற்றும். எல்லாமே கறுத்துப்போனால் அமிலம் அதிகம் அரித்துவிட்டது. மறுபடி மெருகேற்ற வேண்டியதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நைட்டால் வேலைசெய்யாது, அதற்கு வேறு கரைசல்.

விடுமுறைப் பயிற்சிக்குக் கோவை ஃபவுண்டரிகள் (வார்ப்பாலைகள்), சேலம் உருக்காலை, திருச்சி பெல் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போனால் சும்மா சுற்றிப் பார்க்காமல், வார்ப்பில் வரும் ஒரே ஒரு குறைபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். துளை உருண்டையாக, உட்சுவர் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் வாயு; கரடுமுரடாக இருந்தால் சுருக்கம், அதாவது உறையும்போது சுருங்கும் இடத்துக்கு உருகிய உலோகம் கொடுக்கும் ரைசர் போதவில்லை. இதை நீங்களே பார்த்து எழுதிய நாலு பக்கம், சான்றிதழைவிடப் பேசும்.

வேலை என்று பார்த்தால் ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், ஹீட் ட்ரீட்மெண்ட், வெல்டிங், தரக் கட்டுப்பாடு. ஷிப்டும் சூடும் உண்டு. தொடக்கச் சம்பளம் பல இடங்களில் ஐ.டி.யைவிடக் குறைவு. ஆராய்ச்சிப் பக்கம் போக கேட் (GATE) தேர்வில் உலோகவியலுக்கான எம்.டி. (MT) தாள்: 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண், அதில் 15 பொதுத்திறன். எம்.டெக்.குக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கும் அந்த மதிப்பெண் உதவும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறையின் உலோகவியல் ஆய்வகமான டி.எம்.ஆர்.எல்., சிறப்பு உலோகக் கலவைகள் தயாரிக்கும் மிதானி எல்லாம் உலோகவியலாளர்கள் வேலைசெய்யும் இடங்கள்.

படிக்கும்போதே அல்ட்ராசோனிக், ரேடியோகிராபி போன்ற சேதமில்லாச் சோதனைகளில் லெவல் 2 பயிற்சி எடுப்பது நல்லது. அதற்கு அருகில் உள்ளதைப் படிக்கும் பார்வையையும் நிறம் பிரித்தறிதலையும் சோதிப்பார்கள், பணம் கட்டுமுன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்.