படகேறி மிருகம் பார்க்க வருகிறவர்களுக்கு

மே மாதம் பிறந்தால் குன்னூரில் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். போன ஆண்டு ஈரோட்டிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். மலையேறுவதற்கு முன்பே யாரோ ஒரு ஏஜென்டிடம் ‘படகில் வனவிலங்கு உலா’ என்று தலைக்கு 650 ரூபாய் கட்டிவிட்டார். துணைக்கு நானும் போனேன். உச்சி வெயிலில் இருபது நிமிடம் சுற்றினோம். இரண்டு நீர்க்காகங்களையும், மிதந்து வந்த ஒற்றை ரப்பர் செருப்பையும் பார்த்தோம். “அத்தை, மிருகத்துக்கெல்லாம் இன்றைக்கு லீவா?” என்றான் மருமகன்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். படகு எத்தனை மணிக்குக் கிளம்பும்? பத்து மணிக்கு மேல் என்றால் அது வெறும் படகுச் சவாரி, அந்த விலைக்கு மட்டும் பேசுங்கள். ஏரி காட்டுக்குள் இருக்கிறதா, ஊருக்குள்ளா? கோடைக்கானல் ஏரி 1863-இல் உருவாக்கப்பட்டது. அதைச் சுற்றிச் சாலையும் சைக்கிளும் குதிரையும்தான். அங்கே படகிலிருந்து காட்டெருமையைத் தேடுவது வீண். அது இரவில் கடைத்தெருவுக்கே வந்துவிடும் என்பது வேறு கதை. “யானை நிச்சயம் வரும்” என்று விற்பவர் சத்தியம் செய்தால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெரும்பாலும் ஏமாறுபவர்கள் தேக்கடி பார்த்தவர்கள். அங்கே 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே கிளை கிளையாகப் பரந்து கிடக்கிறது. படகு போகும் வழியே காடு. அந்த நினைப்போடு நீலகிரிக்கு வந்து ஸ்பீட் போட்டில் ஏறினால் மனம் நொந்துதான் இறங்க வேண்டும்.

நீர்மட்டத்தையும் விசாரியுங்கள். இதை யாரும் கேட்பதே இல்லை. மலையில் உள்ள பெரிய நீர்நிலைகளில் பல, பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி எல்லாம், மின்சாரத்துக்காகத் தேக்கிய அணைகள். தென்மேற்குப் பருவமழையில் நிரம்பினால் தண்ணீர் மரத்தடி வரை ஏறிவிடும். மிருகம் வந்து நிற்கத் திறந்த கரையே இருக்காது. கோடையில் மட்டம் இறங்க இறங்கச் சேறு தெரியும், அதில் இளம்புல் முளைக்கும். கபினி நீர்த்தேக்கத்தில் கோடையில் யானைகள் கூடுவதும் இந்தப் புல்லுக்காகத்தான்.

நாங்கள் போனபோது மட்டம் இறங்கித்தான் இருந்தது. கரை முழுக்கப் படிக்கட்டு போலச் செம்மண் வரிகள். திரும்பும்போது படகோட்டியிடம், “இரண்டு நிமிடம் மோட்டாரை நிறுத்துவீர்களா?” என்று கேட்டேன். தயங்கினார், நிறுத்தினார். படகு தானாகக் கரையோரம் ஒதுங்கியது. சேற்றில் பிளவுண்ட குளம்புத் தடங்கள் ஜோடி ஜோடியாக இறங்கி, நீரோரம் குழம்பி, மறுபடி மேலேறியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தண்ணீர். “கடமான் அம்மா. விடியற்காலையில் நான் வரும்போது நிற்கும். முதல் மோட்டார் சத்தம் கேட்டதும் மேலே போய்விடும்” என்றார். 650 ரூபாய்க்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

ஏற்கெனவே டிக்கெட் வாங்கிவிட்டவர்களும் இதையே செய்யுங்கள். ஏறும்போதே படகோட்டியிடம் தன்மையாகக் கேட்டுவையுங்கள். நடுநீரைப் பார்க்காதீர்கள், புல்லும் மரமும் சேரும் கோட்டிலேயே கண்ணை வையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து கரைக்கு வீசினால் உங்கள் வாடை முந்திக்கொள்ளும், எதிர்க்கரையைக் கவனியுங்கள். பைனாகுலர் 8 மடங்கு போதும். 12 மடங்கு வாங்கினால் படகின் ஆட்டத்தில் கரையே குதிக்கும். லைப் ஜாக்கெட்டைப் படத்துக்காகக் கழற்ற வேண்டாம். எங்கள் அண்ணிக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

மிருகம்தான் வேண்டும் என்றால் படகை விட்டுவிடுங்கள். 2007 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் முதுமலைக்குள் வனத்துறை வண்டி தெப்பக்காட்டிலிருந்து கிளம்புகிறது. காலையில் முதல் வண்டியைப் பிடியுங்கள். காட்டுத்தீ அச்சத்தால் கோடையில் நிறுத்திவைப்பதும் உண்டு, விசாரித்துக்கொண்டு போங்கள். இரவில் ஜீப்பில் கூட்டிப் போகிறேன் என்று தனியார் யாராவது சொன்னால் ஏறாதீர்கள், அது சட்டவிரோதம். பழனி மலைப் பக்கம் போகிறவர்களுக்குப் பேரிஜம் ஏரி இருக்கிறது. வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், படகு கிடையாது. அதனாலேயே நல்லது.

ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றினால் சண்டைக்குப் போகாமல், ரசீதையும் போனில் வந்த விளம்பரத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கரையேறியதும் இதைச் சொல்லி, ரசீது எங்கே என்று கேட்டேன். அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஏரியைப் பார்த்தார்.