வளர்ந்த மகனுக்குப் பரிசாக ஒரு பேனாக்கத்தி: தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலைக்குப் போகும் மகனுக்கு என்ன பரிசு வாங்குவது என்று பெற்றோர் குழம்புவது சகஜம். சட்டை எடுத்தால் அளவு சரியாக இருக்காது. போன் வாங்கலாம் என்றால் அவனிடமே அதைவிட நல்லது இருக்கும். நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கிக் கொடுத்தால் பல வருஷம் உழைக்கும். ஆனால் இணையத்தில் தேட ஆரம்பித்ததுமே கறுப்பு நிறத்தில், பல்லும் கொக்கியுமாக, சினிமா வில்லன் கையில் இருப்பது மாதிரியான கத்திகள்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள். இங்கே சொல்லப்போவது பழைய பாணிப் பேனாக்கத்தியைப் பற்றி. இரண்டு கையாலும் பிடித்து, நகத்தால் பிளேடை இழுத்துத் திறக்கும் வகை அது. பட்டனை அழுத்தினால் பாயும் சமாசாரம் எதுவும் இதில் இல்லை.

அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் கத்தி வேண்டாம், தினமும் அவன் பேன்ட் பையில் கிடக்கும் கத்தியாகப் பாருங்கள். கீழே வரும் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

படி 1: அவன் எங்கே இருக்கிறான், எதை வெட்டுவான்?

பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது, ஆபீஸில் ஆப்பிள் நறுக்குவது, தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்குவது. நகரத்துப் பையனின் தேவை அநேகமாக இவ்வளவுதான். இதற்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் பிளேடு தாராளம். தோட்டம், மலையேற்றம், முகாம் என்று அலைபவனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளமாகப் போகலாம்.

அப்புறம் சட்டம். இந்திய ஆயுதச் சட்ட விதிகள் ஆயுத வகையில் வைப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடுகளை. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை சேராது. பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனாலும் மெட்ரோ ரயில் நிலையப் பரிசோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அங்கே நின்று சட்டம் பேசிப் பயனில்லை.

பையன் லண்டனில் இருக்கிறான் என்றால் கணக்கு வேறு. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டும். திறந்த பிளேடு பூட்டிக்கொள்ளும் வகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வைத்திருக்கத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். வேறு நாடு என்றால் அந்த ஊர் விதியைப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: எந்த ஊர்க் கத்தி?

பழைய பாணிக் கத்திகளில் ஊருக்கு ஒரு மரபு உண்டு. முதல்முறை வாங்குபவர் நாலைந்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்ஸனர் 1884-ல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் தொகுதிக் கத்திகள் போயின. அவருடைய அம்மா பெயர் விக்டோரியா. அந்தப் பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து இன்றைய பெயர் வந்தது. சிவப்புக் கைப்பிடியுள்ள, மூடியபோது 91 மில்லிமீட்டர் நீளமிருக்கும் மாடல்களில் பலர் கேட்டு வாங்குவது ஸ்பார்டன். அதில் ஒயின் பாட்டில் திறக்கும் திருகு இருக்கும். நம் வீட்டுப் பையன்களில் பாதிப் பேருக்கு அது தேவைப்படாது. அந்த இடத்தில் பிலிப்ஸ் (பிளஸ் வடிவ முனை) ஸ்க்ரூடிரைவர் உள்ள டிங்கர் எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால் அலுமினியக் கைப்பிடி போட்ட, மூடியபோது 93 மில்லிமீட்டர் இருக்கும் பயனியர்தான் முதல் தேர்வு. 1961-ல் சுவிஸ் சிப்பாய்களுக்கு வந்த கத்தியின் வழியில் வந்தது அது. கீழே விழுந்தால் உடையாது, தட்டையாகப் பையில் உட்காரும், பிளேடு 3 அங்குலத்துக்குள் என்பதால் பிரிட்டன் அளவுக்கும் பொருந்தும்.

பிரான்சின் ஒப்பினல். ஆல்ப்ஸ் மலையடியில் சவோய் பகுதியில், 1890-ல் ஜோசப் ஒப்பினல் செய்தது. ஒரு மரக் கைப்பிடி, ஒரு பிளேடு, ஒரு வளையம், அவ்வளவுதான். 1955 முதல் அந்த வளையத்தைத் திருகினால் பிளேடு பூட்டிக்கொள்ளும். அளவுகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள். 8-ம் எண்ணின் பிளேடு 8.5 சென்டிமீட்டர், நகரத்துப் பையனுக்கு 6-ம் எண்ணோ 7-ம் எண்ணோ போதும். விலையும் குறைவு. பழம், ரொட்டி, சீஸ் நறுக்க இதற்கு ஈடு கிடையாது, ஏனென்றால் பிளேடு அவ்வளவு மெல்லியது. ஒரு சிக்கல்: ஈரம் பட்டால் மரம் ஊதிப் பிளேடு இறுகிவிடும். மழைக்காலச் சென்னையில் இது நடக்கத்தான் செய்யும். சவோய்க்காரர்கள் கைப்பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் தட்டி பிளேடை வெளியே வரவைப்பார்கள். உங்கள் மகனுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

லாகியோல் என்பதும் பிரெஞ்சுக் கத்திதான். ஒல்லியான வளைந்த உடம்பு, ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தேனீ. பார்க்க இதுதான் அழகு. ஆனால் அது ஒரு கிராமத்தின் பெயர், ஒரு கம்பெனியின் பெயர் இல்லை. யார் யாரோ அந்தப் பெயரைப் போட்டு மட்டமான சரக்கை விற்கிறார்கள். செய்த பட்டறையின் பெயர் தெரியாத லாகியோலை வாங்க வேண்டாம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு கேஸ். 1889-ல் தொடங்கிய இந்த நிறுவனம் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கிறது. எலும்புக் கைப்பிடி, இரண்டு மூன்று பிளேடு என்று தாத்தா காலத்து அமைப்பு. பிறந்த வருஷத்துக் கத்தியைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி: 1970 முதல் பிளேடின் அடியில் புள்ளிகளால் வருஷத்தைக் குறித்தார்கள். பத்துப் புள்ளியில் ஆரம்பித்து வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். 1980-ல் முத்திரையின் எழுத்து வடிவத்தை மாற்றி மறுபடி பத்திலிருந்து. ஆக 1985-ல் பிறந்தவனுக்கு, மின்னல் மாதிரி வளைந்த 'எஸ்' எழுத்தும் ஐந்து புள்ளியும் உள்ள பழைய கத்தியைத் தேட வேண்டும்.

ஜப்பானின் ஹிகோனோகாமியும் இருக்கிறது. மிகி என்ற ஊரில் செய்வது. மடித்த தகட்டுக்குள் ஒரு பிளேடு, ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை, பின்னால் நீட்டிய காதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் திறந்தே இருக்கும். ஏற்கனவே கத்தி பழகியவனுக்கு வாங்கலாம். முதல் கத்தியாக வேண்டாம்.

படி 3: கார்பன் எஃகா, எவர்சில்வர் வகையா?

கடையில் இரண்டும் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கார்பன் எஃகு சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் பிடிக்கும். ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் நீலமும் சாம்பலுமாகக் கறை படரும். இந்தக் கறையால் கெடுதல் இல்லை. நாளாக நாளாகப் பிளேடு முழுக்கப் பரவி, துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் மட்டும்தான் துரு. அதை உடனே தேய்த்து எடுக்க வேண்டும். கடற்கரை ஊரில் வியர்த்த சட்டையோடு கத்தியை வைத்திருப்பவனுக்குக் கார்பன் எஃகு ஓயாத வேலை.

மகன் எந்த ரகம் என்பது உங்களுக்குத் தெரியும். பைக்குச் செயின் எண்ணெய் தானே போடுகிறானா, செருப்பைத் துடைத்து வைக்கிறானா? அப்படியென்றால் கார்பன் கொடுங்கள், ரசித்துப் பராமரிப்பான். சாப்பிட்ட தட்டை ராத்திரி முழுக்கத் தொட்டியில் போட்டு வைப்பவன் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ்தான். விக்டோரினாக்ஸில் இந்தக் கேள்வியே எழாது, எல்லாம் ஸ்டெயின்லெஸ். ஒப்பினலில் இரண்டும் உண்டு, பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

மெதுவாகத் திறங்கள். ஸ்பிரிங் உள்ள கத்தி என்றால் கடைசியில் 'டக்' என்று உட்கார வேண்டும். நகம் பெயர்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால் வேறு கேளுங்கள். திறந்த பிளேடை நுனியில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. மூடியதும் பிளேடு நடுவில் விழுகிறதா, உள்சுவரில் உரசுகிறதா? கைப்பிடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? இணையத்தில் வாங்கினால் வந்த அன்றே இதையெல்லாம் பார்த்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். விக்டோரினாக்ஸ் மாதிரியே இருக்கும் போலிச் சிவப்புக் கத்திகள் நடைபாதைக் கடைகளில் ஏராளம். பிளேடின் அடியில் நிறுவனப் பெயரும் 'சுவிஸ் மேட்' என்பதும் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சப் பரிசோதனை.

படி 5: கொடுக்கும்போது

கத்தியோடு ஒரு சின்னத் தீட்டுக்கல்லும் வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு புட்டி போதும், மூட்டில் ஒரு சொட்டு விட்டு பிளேடிலும் லேசாகத் தடவலாம். உணவு நறுக்கும் கத்திக்கும் பயமில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பூட்டு இல்லாத கத்தியால் குத்தவோ துளைக்கவோ கூடாது, முதுகுப் பக்கம் அழுத்தம் வந்தால் விரல் மேலேயே மடங்கும். இதை மட்டும் அவனிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அவன் வளர்ந்தவன்தான், இருந்தாலும் சொல்லுங்கள்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பாவிலும் இதே பேச்சு உண்டு. அங்கே வாங்கிக்கொள்பவர் ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுப்பார், அப்போது அது பரிசு இல்லை, விலைக்கு வாங்கியது என்று ஆகிவிடும். வீட்டில் யாராவது முகம் சுளித்தால், "ஒரு ரூபாய் கொடுடா" என்று அவனிடம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து போகிறவன் என்றால், கைப்பையில் கத்தி போகாது, பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். செக்-இன் செய்யும் பெட்டிக்குள் வைத்துவிட்டானா என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.