அவருக்குச் சிறுசேரி, எனக்கு அம்பத்தூர்: வீடு எங்கே பார்ப்பது?

சென்னையில் வாடகை வீடு பிடிப்பது பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். தண்ணீர் போரா மெட்ரோ வாட்டரா, இ.பி. தனி மீட்டரா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தொடப்போவதில்லை. புருஷன் தெற்கே போகிறார், பெண்டாட்டி வடமேற்கே போகிறாள், வீடு எங்கே என்ற ஒரே சிக்கலை மட்டும் எழுதுகிறேன். நாங்கள் இதில் ஒரு முறை தோற்று, இரண்டாவது முறைதான் தேறினோம்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அவருக்குச் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா. கல்யாணமான புதிதில் மேப்பைத் திறந்து இரண்டுக்கும் நடுவில் விரல் வைத்தோம். விரல் வேளச்சேரியில் நின்றது. இந்தப் பக்கம் சுமார் 20 கிலோமீட்டர், அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவே. "ஆளுக்குப் பாதி, சண்டையே வராது பாரு" என்றார். ஏழாவது மாதம் காலி செய்தோம். சண்டை இரண்டாவது வாரமே வந்துவிட்டது.

படி 1: யாருக்கு மணி அடிக்கும் என்று பாருங்கள்

தூரத்தை அளக்கும் முன் இதை எழுதுங்கள். அவர் ஒன்பதரைக்குப் போனாலும் பத்தேகாலுக்குப் போனாலும் கேட்பாரில்லை. எனக்கு 8.30க்குப் பஞ்ச். மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் அரை நாள் லீவு போய்விடும். அவருக்குக் கம்பெனி பஸ் உண்டு, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. எனக்கு இரண்டும் கிடையாது. இப்படி இருக்கும்போது கிலோமீட்டரைச் சரிபாதியாகப் பிரித்தால் நியாயம் மாதிரி தெரியும், ஆனால் நியாயம் இல்லை. நேரம் கறாராக இருப்பவர் பக்கம் வீடு சாய வேண்டும். சம்பளம் யாருக்கு அதிகம் என்பதை இங்கே கொண்டுவராதீர்கள். நாங்கள் கொண்டுவந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

படி 2: வட்டம் வேண்டாம், கோடு போடுங்கள்

இரண்டு ஆபீஸையும் சுற்றி வட்டம் போட்டு, வெட்டுகிற இடத்தில் வீடு தேடச் சொல்வார்கள். சென்னைக்கு அது உதவாது. இங்கே ஊர் நகர்வது கோடுகளில். கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு போகிற லோக்கல், சென்ட்ரலில் இருந்து ஆவடி, அரக்கோணம் லைன், வேளச்சேரி பறக்கும் ரயில், மெட்ரோவின் நீலமும் பச்சையும். இவற்றைத் தாளில் கிறுக்குங்கள், அழகு தேவையில்லை. அதன் மேல் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களைப் புள்ளி வையுங்கள். அந்தப் பட்டியல் ஹெச்.ஆரிடம் இருக்கும், அதைவிட டிரைவரிடம் கேட்டால் சரியான நேரம் தெரியும்.

எங்கள் தாளில் பச்சை மெட்ரோவும் சிறுசேரி பஸ்ஸும் அசோக் பில்லர், ஆலந்தூர் பக்கம் கைகோத்தன. நான் திருமங்கலத்தில் இறங்கினால் எஸ்டேட்டுக்குப் பிங்க் பஸ் உண்டு, 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது முதல் வீடு பார்த்தபோதும் இருந்த விஷயந்தான். நாங்கள்தான் கோட்டைப் பார்க்காமல் நடுவைப் பார்த்தோம்.

படி 3: நேரத்தை அளப்பது

நாங்கள் வழுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

வேளச்சேரி வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். வேறு என்றைக்கு ஓனர் இருப்பார்? அப்படியே பைக்கில் சிறுசேரி வரை ஓட்டிப் பார்த்தார், 35 நிமிடம். எனக்கு ரயில் கணக்கு: வேளச்சேரியில் ஏறி பார்க் டவுன், அங்கிருந்து சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் லோக்கல் பிளாட்பாரத்துக்கு நடை, ஆவடி லோக்கல் பிடித்துப் பட்டரவாக்கம். ஒன்றேகால் மணி நேரம் என்று எழுதி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

காலை கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்தது. அப்போது வேளச்சேரியில்தான் ரயில் கிளம்பியது, உட்கார இடம்கூடக் கிடைத்தது. சாயங்காலம்தான் குடும்பத்தைக் கெடுத்தது. ஐந்தரைக்குக் கேட்டைத் தாண்டி, பட்டரவாக்கத்தில் ஒரு லோக்கலைக் கூட்டத்தில் ஏற முடியாமல் விட்டு, அடுத்ததில் தொங்கி, பார்க் டவுன் பிளாட்பாரத்தை நெருங்கும்போது ரயில் கிளம்பும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு விலை இருபது நிமிடம். வேளச்சேரியில் இறங்கி, வீடு உள்ளே தள்ளி இருந்ததால் ஷேர் ஆட்டோவுக்கு இன்னொரு வரிசை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது எட்டு மணி. அவருக்கோ ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) மெட்ரோ தூண் வேலை, சோழிங்கநல்லூர் சிக்னல். ஞாயிற்றுக்கிழமை 35 நிமிடம் என்றது வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணி இருபது நிமிடம்.

ஆகவே இப்படி அளங்கள்.

முதலில் கூகுள் மேப்ஸில் வழியைப் போட்டு, கிளம்பும் நேரத்துக்குப் பதிலாக 'வந்து சேரும் நேரம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு செவ்வாய்க்கிழமை 8.20 என்று கொடுங்கள். கார் வழி என்றால் அது ஒரு நிமிடத்தைச் சொல்லாது. 50 முதல் 90 நிமிடம் என்பது போல ஒரு வீச்சைச் சொல்லும். பெரிய எண்ணை எழுதுங்கள். சின்ன எண்ணை நம்பித்தான் எல்லோரும் லேட் ஆகிறோம். பிறகு திரும்பும் வழி, சாயங்காலம் 5.40 கிளம்புவதாக. ஆபீஸிலிருந்து வீட்டுக்கு என்று தனியாகப் போட வேண்டும். போகிற நேரத்தை இரண்டால் பெருக்காதீர்கள்.

அதன் மேல் மேப்புக்குத் தெரியாத நிமிடங்களைச் சேருங்கள். சிப்காட் கேட்டிலிருந்து அவருடைய பில்டிங் வரை நடை, லிஃப்ட் வரிசை, மெட்ரோவில் பை ஸ்கேன், மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி மறந்த டிபன் பாக்ஸுக்காகத் திரும்பி ஏறுவது. எங்களுக்கு இது ஒரு வழிக்குப் பன்னிரண்டு நிமிடம் வந்தது.

கடைசியாக, மேப்பை மூடிவிட்டு ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன். வீட்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பி ஆபீஸ் போய், சாயங்காலம் அதே வாசலுக்குத் திரும்பி வாருங்கள். ஓனர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இதற்கு எக்செல் போடுபவர்கள் உண்டு. என் கட்சி நோட்டுப் புத்தகம். எக்செல்லில் ஒரு எண்ணை மாற்றினால் பிடித்த வீடு முதலிடத்துக்கு வந்துவிடுகிறது, நாமும் மாற்றிவிடுகிறோம்.

எங்கள் நோட்டில் சாயங்காலக் கணக்கு இது. முகப்பேர்: எனக்கு 25 நிமிடம், அவருக்கு இரண்டு மணி நேரம். ஆதம்பாக்கம்: எனக்கு 85, அவருக்கு 75. அசோக் நகர்: எனக்கு 55, அவருக்கு 90. கூட்டினால் முகப்பேரும் அசோக் நகரும் ஒன்றே. ஆனால் யாரும் ஒன்றரை மணியைத் தாண்டக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்ததால் முகப்பேர் கழிந்தது, அசோக் நகர் நின்றது. தவிர, அவருடைய 90 நிமிடம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு. என்னுடைய 55 பாதி நின்றுகொண்டு. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

படி 4: வாடகைக் கணக்கு

ஒரு வழிக்கு 15 நிமிடம் மிச்சம் என்றால் நாளுக்கு அரை மணி, 22 வேலை நாளுக்கு 11 மணி நேரம். அந்த 11 மணிக்கு எவ்வளவு அதிக வாடகை தரலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நாங்கள் 4,000 கூடத் தருகிறோம், பெட்ரோலில் பாதி திரும்பிவிடுகிறது.

அட்வான்ஸில் கவனம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நடப்பில் அதற்கு மேல்தான் கேட்கிறார்கள், அக்ரிமென்ட்டில் எழுதியும் விடுகிறார்கள். பேரம் பேசுங்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் காலி செய்தால் என்ன பிடிப்பார்கள் என்ற வரியையும் படியுங்கள். நாங்கள் படிக்காமல் ஒரு மாத வாடகையை விட்டோம்.

தெருமுனைக் கடையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

படி 5: குழந்தை இருந்தால்

கிரெச் ஆபீஸ் பக்கம் வேண்டாம், வீட்டுப் பக்கம் பாருங்கள். யார் முதலில் வீடு திரும்புகிறாரோ அவருடைய மோசமான நாளின் நேரத்துக்கும் கிரெச் மூடும் நேரத்துக்கும் நடுவில் அரை மணியாவது இருக்கட்டும்.

பின்சேர்க்கை: பதிவு போட்ட மூன்றாம் மாதம் அவருடைய பஸ் ரூட்டை மாற்றிவிட்டார்கள். அசோக் பில்லரில் நின்றது இப்போது நிற்பதில்லை. நல்லவேளை, மெட்ரோவில் ஆலந்தூர் போனால் வேறு ரூட் பஸ் கிடைக்கிறது, பத்து நிமிடம் கூடுதல். ஒரே ஒரு பஸ்ஸை நம்பி வீடு எடுக்காதீர்கள் என்பதைப் படி 2இல் சேர்த்துப் படியுங்கள்.

மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை இரண்டாம் கட்ட மெட்ரோ வரப்போகிறதே, அதை நம்பி ஓ.எம்.ஆரில் எடுக்கலாமா என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சொந்த வீடு என்றால் யோசியுங்கள். 11 மாத வாடகை வீட்டுக்கு, இன்றைக்கு ஓடுகிற வண்டியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கணவருக்கு நுங்கம்பாக்கம், தனக்குப் பரனூரில் மகிந்திரா சிட்டி என்று எழுதிய சகோதரிக்கு: உங்களுக்குத் தாம்பரம் பொருந்தும். இருவருக்கும் ஒரே லைன், எதிரெதிர்த் திசை. கடற்கரைக்குப் பல லோக்கல்கள் அங்கேயே கிளம்புவதால் அவருக்கு உட்கார இடம் கிடைக்கும். ஆனால் நீங்கள் சேலையூரில் பார்த்து வைத்திருக்கும் வீடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே, உங்கள் கம்பெனி பஸ் நிற்கும் ஜி.எஸ்.டி. ரோடு மேற்கே. காலை ஏழு மணிக் கூட்டத்தில் நடை மேம்பாலம் ஏறி இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.