பைண்டிங் ஒப்பிடுற ப்ராஜெக்ட்டா? இந்த தப்பெல்லாம் வேண்டாம்

டிசைன் படிக்கிற பசங்க ஸ்டூடியோ ப்ராஜெக்ட்டுக்கு நாலு வகை கை பைண்டிங் செஞ்சு பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடுறது எனக்கு ரொம்ப புடிச்ச வேலை, ஆனா பாதி பேர் பைண்டிங்க விட்டுட்டு பேப்பரத்தான் ஒப்பிட்டு வெச்சிருப்பாங்க. காப்டிக்குக்கு (மடிச்ச தாள் கட்டுகள முதுகுல சங்கிலி தையலால கோக்குறது) நல்ல கார்ட்ரிட்ஜ் பேப்பர் (தடியான டிராயிங் தாள்), ஜப்பான் தையலுக்கு (தாள்கள அடுக்கி ஓரத்துல ஓட்டை போட்டு தைக்கிறது) வீட்ல மிச்சம் இருந்த ஜெராக்ஸ் பேப்பர், அப்புறம் எது நல்லா விரியுதுன்னு எழுதுனா அது எப்படி சரியா வரும்? எல்லாத்துக்கும் ஒரே பேப்பர், ஒரே சைஸ். 16 ஏ4 தாள மடிச்சா ஏ5-ல 64 பக்கம் வரும், அத மொத்தமா ஒரே மடிப்பா தைக்கலாம், நாலு நாலு தாளா நாலு பாரம் (ஒண்ணா சேத்து மடிச்ச கட்டு) போட்டு காப்டிக்கும் கேஸ் பைண்டிங்கும் (தனியா செஞ்ச கெட்டி அட்டைக்குள்ள புக்க ஒட்டுறது) பண்ணலாம், பாதியா வெட்டி ஜப்பான் தையல் போடலாம்.

அடுத்தது கிரெயின், இத நெறைய பேர் பாக்கறதே இல்ல. பேப்பர்ல நார் ஒரு பக்கமா ஓடும், அது புக்கோட முதுகுக்கு (தைக்கிற ஓரத்துக்கு) இணையா இருக்கணும். கடையில வாங்குற ஏ4 பெரும்பாலும் நீளவாக்குல ஓடுறது, அத ஏ5-ஆ மடிச்சா நார் முதுகுக்கு குறுக்க போயிடும், அப்ப மடிப்பு வெடிப்பு விட்ட மாதிரி இருக்கும், பக்கம் படியாம வெறச்சுக்கிட்டு நிக்கும், பசை பட்டா அலை அலையா நெளியும். தாள மடிக்காம நீளவாக்குல ஒரு தடவ, அகலவாக்குல ஒரு தடவ லேசா வளைச்சுப் பாருங்க, எந்த பக்கம் ஈஸியா வளையுதோ அந்த மடிப்பு கிரெயினோட போகுது. நீளவாக்கு நார் இருக்குற ஏ3 வாங்கி பாதியா வெட்டிக்கிட்டா பிரச்சனை தீந்துச்சு. அட்டைக்கும் இதே கதைதான்.

ஜப்பான் தையல்ல எல்லாரும் நூல் டிசைன்லயே கவனமா இருப்பாங்க. நாலு ஓட்டை போடுறது முதுகுல இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ள, பக்கம் அந்த தையல்கிட்ட தான் வளையும், அதனால பக்கத்துல ரெண்டு சென்டிமீட்டராவது இடுக்குக்குள்ள போயிடும். ஒரு பொண்ணு பாட்டியோட முகத்த பென்சில்ல அவ்ளோ அழகா வரைஞ்சிருந்தா, தைச்சு முடிச்சு தொறந்தா ஒரு கண்ணும் காதும் இடுக்குல, விரிச்சுப் பிடிச்சாலும் தெரியல. மொதல்ல முதுகுப் பக்கம் மார்ஜின் 3 சென்டிமீட்டர் விட்டுட்டு அப்புறம் வரைங்க. இந்த முறை மெல்லிசு பேப்பருக்கு வந்தது, அங்க தாள ரெண்டா மடிச்சு மடிப்ப வெளிப்பக்கம் வெச்சு தைப்பாங்க, தடி பேப்பர்ல போட்டுட்டு விரியலன்னு கொற சொல்றது நியாயம் இல்ல.

காப்டிக்ல ஓட்டைய ஒவ்வொரு பாரத்துக்கும் தனித்தனியா அளந்து குத்தாதீங்க. ஒரு கெட்டி தாள்ல டெம்ப்ளேட் வெட்டி, எல்லா பாரத்தோட மேல்முனையிலயும் பென்சில்ல சின்ன புள்ளி வெச்சுக்கோங்க, ஏன்னா ஒரு பாரம் தலைகீழா போச்சுன்னா ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளிரும், முதுகுல சங்கிலி தையல் கோணலா ஓடும். நூல இறுக்கும்போது நேரா மேல இழுத்தா மடிப்பு கிழியும், முதுகோட நீளவாக்குலயே இழுக்கணும். வெறும் தையல்மெஷின் நூல் பேப்பர அறுத்துடும், அதுக்காக சணல் மாதிரி தடியா போட்டா பாரத்துக்குள்ள நூல் சேந்து சேந்து முதுகு மட்டும் உப்பிக்கும். நடுத்தரமான பருத்தி நூல்ல தேன்மெழுகு தடவுனா போதும்.

கேஸ் பைண்டிங் கெட்டுப்போறது பெரும்பாலும் அவசரத்தால தான். காலிக்கோ (அட்டை மேல ஒட்டுற பைண்டிங் துணி) ஒட்டுனதும் அட்டை வெளிப்பக்கமா வளையும், உள்ள எண்ட் பேப்பர் (அட்டையோட உள்பக்கத்த மூடுற தாள்) ஒட்டுனா அது திருப்பி இழுத்து சமன் பண்ணும், ஆனா ராத்திரி முழுக்க வெயிட்டுக்கு கீழ இருந்தா தான். ஒரு மணி நேரத்துல எடுத்துட்டு "அட்டை மோசம்"னு எழுதுறது பாவம். 2 மிமீ அட்டைன்னா முதுகுக்கும் அட்டைக்கும் நடுவுல 7 மிமீ கிட்ட இடைவெளி விடுங்க, இல்லன்னா மூடி தொறக்கவே தொறக்காது. பசைக்கு பழைய பைண்டர்கள் மைதாவ காய்ச்சி பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க, துத்தம் விஷம், நீங்க அத விட்டுடுங்க, ஃபெவிகால்ல கொஞ்சம் மைதா பசை சேத்தா காய நேரம் எடுக்கும், கோணலா ஒட்டுனாலும் நகத்திக்கலாம்.

கடைசியா, செஞ்ச அன்னைக்கே மார்க் போடாதீங்க. நாலையும் ஒரு வாரம் காலேஜ் பையில போட்டு சுத்துங்க, ஒவ்வொண்ணையும் அம்பது தடவ தொறந்து மூடுங்க, அப்புறம் மேசையில விரிச்சு கைய எடுத்துட்டு எது தானா மூடிக்குது எது அப்படியே கெடக்குதுன்னு போட்டோ எடுங்க.